படம் படிவமாகுமா?

சார்பதிவாளர் அலுவலகம் இருக்கும் தெருவில் அரை மணி நேரம் நின்றால் இந்தக் காட்சியைப் பார்த்துவிடலாம். ஒருவர் கைப்பேசியை நீட்டுகிறார். வாட்ஸ்அப்பில் வந்த படம் ஒன்று: மச்சினர் வீட்டு வாடகை ஒப்பந்தம். மடிப்புக் கோடு தெரிகிறது, தாள் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது, மூலையில் யாருடைய கட்டைவிரலோ விழுந்திருக்கிறது. "இதே மாதிரி ஒண்ணு போட்டுக் குடுங்கண்ணே. பேரையும் தேதியையும் மட்டும் மாத்தினாப் போதும்." கணினிக்கு முன் இருப்பவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கிறார். மாற்றினால் போதும் என்பது எவ்வளவு பெரிய வேலை என்பது அவருக்குத்தான் தெரியும்.

இந்த வேலைக்கு முறையான பெயர் வைத்தால் நீளமாகத்தான் வரும்: புள்ளிகளால் ஆன படக் கோப்பை, மேக்ரோ என்ற சிறு நிரல் இயங்கக்கூடிய சொற்செயலி வார்ப்புருவாக மாற்றுவது. ஜேபெக்கோ பி.என்.ஜி.யோ உள்ளே போக வேண்டும். மைக்ரோசாஃப்ட் வேர்டின் டி.ஓ.டி.எம். கோப்பு வெளியே வர வேண்டும். "ஒரே சொடுக்கில்" இதைச் செய்து தருவதாகச் சொல்லும் இணைய மாற்றிகளுக்குப் பஞ்சமில்லை. நானும் ஒருமுறை ஒரு பள்ளிச் சான்றிதழின் படத்தை அப்படி ஒன்றில் ஏற்றிப் பார்த்தேன். டி.ஓ.டி.எம். கோப்பு வந்தது. திறந்தால் தாள் நடுவே அதே படம் உட்கார்ந்திருந்தது. ஓர் எழுத்தைக்கூடத் தொட முடியவில்லை. மேக்ரோவும் இல்லை. பொய் சொன்னார்கள் என்று சண்டைக்குப் போகவும் வழியில்லை. கோப்பின் வகை அவர்கள் சொன்னதேதான்.

இந்த ஏமாற்றம் எங்கிருந்து வருகிறது என்று தேடிப் போனால், "மாற்றுவது" என்ற சொல்லில் வந்து நிற்கிறது. கிலோமீட்டரை மைலாக மாற்றலாம். அளவு அதுவே, அலகுதான் வேறு. படத்தைப் படிவமாக்குவது அந்த வகையில் சேராது. படத்தில் இல்லாதவற்றை அடுக்கடுக்காகக் கொண்டுவந்து சேர்க்கிற வேலை அது. முதலில் எழுத்து, அடுத்து அமைப்பு, கடைசியில் செயல். மூன்றில் முதலாவதை மட்டுமே படத்திலிருந்து ஓரளவு எடுக்க முடியும். மற்ற இரண்டும் படிவத்தைப் பயன்படுத்துகிறவரின் தலையில் இருக்கின்றன.

இரண்டு கோப்புகளின் உள்ளே

ஏ4 தாள் ஒன்றை அங்குலத்துக்கு 300 புள்ளி அடர்த்தியில் ஸ்கேன் செய்தால் அகலத்தில் 2,480, உயரத்தில் 3,508 என்று ஏறத்தாழ 87 லட்சம் புள்ளிகள் கிடைக்கும். புள்ளி ஒன்றுக்கு மூன்று பைட் வண்ணம் என்று கொண்டால், சுருக்காத நிலையில் 2.6 கோடி பைட். அதே தாளில் இருக்கும் முந்நூறு சொற்களை யூனிகோடில் தட்டச்சு செய்தால் ஏழெட்டாயிரம் பைட்டுக்குள் முடிந்துவிடும். ஆனாலும் அந்த 2.6 கோடி பைட்டில் ஒரு "அ" கூடக் கிடையாது. இந்த இடம் கறுப்பு, இந்த இடம் வெள்ளை, இந்த இடம் தேநீர்க் கறை என்பதோடு அதன் அறிவு முடிந்தது.

டி.ஓ.டி.எம். வேறு பிறவி. அது உண்மையில் ஒரு ஜிப் பொட்டலம். கோப்புப் பெயரின் வாலை ஜிப் என்று மாற்றித் திறந்தால் உள்ளே சிறு சிறு கோப்புகள் இருக்கும்: உரையைச் சுமக்கும் எக்ஸ்.எம்.எல்., எழுத்துப் பாணிகள், படங்களுக்கென்று "மீடியா" என்ற உறை, மேக்ரோ இருந்தால் அதற்கென்று ஒரு பைனரிக் கோப்பு. வேர்ட் 2007இலிருந்து இந்த ஏற்பாடு. இதன் அடிப்படை வடிவம் 2006இல் எக்மா தரமாகவும் 2008இல் ஐ.எஸ்.ஓ. தரமாகவும் ஏற்கப்பட்டது. மேக்ரோ கோப்பு இல்லாத டி.ஓ.டி.எம்.மும் செல்லுபடியாகும். அந்தக் கடைசி "எம்" உள்ளே மேக்ரோ இருக்கலாம் என்று அனுமதி தருகிறதே ஒழிய, இருக்கிறது என்று உறுதி கூறவில்லை. மாற்றித் தளங்கள் பிழைப்பது இந்த இடுக்கில்தான். படத்தை மீடியா உறையில் போட்டு, அதைச் சுட்டும் ஒரு வரியை எழுதி, பொட்டலத்தைக் கட்டிவிட்டால் அவர்கள் கணக்கில் மாற்றம் முடிந்தது.

இதைவிடக் குறுக்கு வழியும் உண்டு. ஜேபெக் கோப்பின் வாலை மட்டும் டி.ஓ.டி.எம். என்று திருத்தி அனுப்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வேர்ட் அதைத் தொடாது. ஜிப் பொட்டலம் எதுவானாலும் அதை வகுத்த ஃபில் காட்ஸின் தலையெழுத்துகளான "பி", "கே" இரண்டும் முதலில் நிற்க வேண்டும். ஜேபெக்கின் முதல் பைட்டுகள் வேறு. கோப்பு கெட்டுப்போயிருக்கிறது என்று வேர்ட் கைவிரித்துவிடும்.

படத்தை அப்படியே உள்ளே வைப்பது எப்போதும் வீண் என்று சொல்ல மாட்டேன். கடிதத்தாள் வார்ப்புருவுக்கு அதுவே சரி. நிறுவனத்தின் சின்னமும் முகவரிப் பட்டையும் பக்கத்தின் தலைப்பகுதியில் படமாக இருக்கலாம். யாரும் அதைத் திருத்தப் போவதில்லை. சின்னம் சிறியதாக இருந்து, பெரிதாக்கும்போது பல்லிளித்தால், போட்ரேஸ் போன்ற கருவியைக் கொண்டு புள்ளிகளின் விளிம்பை வளைகோடுகளாக மாற்றிக்கொள்ளலாம். இந்தப் பகுதியில் சொல்வதற்கு இவ்வளவுதான்.

புள்ளியும் புள்ளியும்

எழுத்தைப் படத்திலிருந்து பிரித்தெடுப்பதற்கு எழுத்துணரி வேண்டும். ஆங்கிலத்துக்கு இது ஏறக்குறையத் தீர்ந்த கணக்கு. தமிழுக்கு நல்ல நிலைக்கு வந்திருக்கிறது, தீரவில்லை. பொன்விழி என்ற மென்பொருளைப் பழைய கணினிக்காரர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்திலும் தமிழ் எழுத்துணரிக்கு நீண்ட காலம் உழைத்தார்கள். இன்று பலர் கையில் இருப்பவை இரண்டு. ஒன்று கூகுள் டிரைவில் படத்தை ஏற்றி ஆவணமாகத் திறப்பது. தமிழ் விக்கிமூலத்தில் நாட்டுடைமை நூல்களை எழுத்தாக்கியதில் கூகுளின் எழுத்துணரிக்குப் பெரும் பங்கு. மற்றது டெசராக்ட். ஹியூலெட் பேக்கர்ட் நிறுவனத்தில் 1980களில் தொடங்கி, பத்தாண்டு கிடப்பில் கிடந்து, 2005இல் திறமூலமாகி, 2018இல் வந்த நான்காம் பதிப்பில் நரம்பு வலைப்பின்னலுக்கு மாறியது. தமிழுக்குப் பயிற்றுவிக்கப்பட்ட தரவு அதற்கு உண்டு.

இவை தடுக்கி விழும் இடங்களைக் கவனித்தால் தமிழ் எழுத்தைப் பற்றியே பாடம் படிக்கலாம். புள்ளியையே எடுத்துக்கொள்ளுங்கள். படத்தைத் துப்புரவு செய்யும் முதல் கட்டத்தில், சாம்பல் நிறங்களைக் கறுப்பு, வெள்ளை என்று இரண்டாகப் பிரிப்பார்கள். ஓட்சு என்ற ஜப்பானியர் 1979இல் வெளியிட்ட முறை இன்றும் இதற்குப் பயன்படுகிறது. பிறகு தூசுப் புள்ளிகளை அகற்றுவார்கள். எழுத்தோடு ஒட்டாமல் தனித்து நிற்கும் சிறு கறுப்பு எல்லாம் தூசு என்பது அந்தக் கருவியின் எண்ணம். மெய்யெழுத்தின் தலையில் நிற்கும் புள்ளியும் அதற்கு அப்படித்தான் தெரியும். ரோமன் எழுத்தில் இந்தப் பிழையால் ஓரிரு எழுத்தின் பொட்டு போகும், அவ்வளவே. தமிழில் "பட்டம்" "படடம" ஆகிவிடும். மறுபக்கம், காகிதத்தின் மேல் விழுந்த ஈ எச்சம் ஒரு ககரத்தை மெய்யாக்கிவிடும். ஓலையில் எழுதிய காலத்தில் ஓலை கிழியும் என்று புள்ளியை விட்டுவிட்டு எழுதினார்கள். படிப்பவர் இடம் பார்த்துப் புரிந்துகொண்டார். அந்தத் திறமையைக் கணினிக்கு இப்போதுதான் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

அடுத்தது கால். பல எழுத்துருக்களில் துணைக்காலுக்கும் ரகரத்துக்கும் இடையே கீழே இழுத்த ஒரு சாய்கோடு மட்டுமே வேறுபாடு. அச்சு மங்கினால் "கால்" "கரல்" ஆகும். ஔகாரக் குறியின் பின்பகுதியும் ளகரமும் ஒரே உருவம். "கௌ" என்பதை எழுத்துணரி "கெள" என்று தருவது அன்றாடம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிவதால் பிழை திருத்துபவரும் கடந்து போய்விடுவார். பிறகு ஒருநாள் "கௌரி" என்று தேடும்போது அந்தப் பெயர் ஆவணத்தில் இல்லை என்று கணினி சொல்லும்.

வரிசைச் சிக்கலும் இருக்கிறது. "கொ" என்ற எழுத்தில் கண் முதலில் பார்ப்பது ஒற்றைக்கொம்பை, பிறகு ககரம், பிறகு கால். யூனிகோடு சேமிப்பதோ ககரத்தை முதலிலும், ஒகரக் குறியை ஒரே துண்டாகப் பின்னாலும். படத்தில் இடமிருந்து வலமாக வருவதை எழுத்துணரி கலைத்து அடுக்கித் தர வேண்டும். 1978இன் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய பத்திரமாக இருந்தால் தும்பிக்கை போட்ட ணை, லை, ளை, னை வகைகளும் சுழித்த றா, ணா, னாக்களும் வரும். அவற்றைக் கண்டதும் பயிற்சியில்லாத கருவி மிரண்டு எதையாவது எழுதிவைக்கும். பழைய கிரையப் பத்திரங்களில் தமிழ் எண்களும் உண்டு. ஒன்றுக்குரிய எண்ணும் ககரமும் ஒரே வடிவம். இரண்டும் உகரமும் அப்படியே. ஏழும் எகரமும் அப்படியே. தாளின் தலையில் இருக்கும் பிள்ளையார் சுழியை உகரமாகப் படித்து, தனி வரியாகப் போட்டுத் தரும் எழுத்துணரியைக் குறை சொல்லவும் மனம் வருவதில்லை.

இதில் ஒரு வேடிக்கை. பாமினியிலோ வேறு பழைய எழுத்துருவிலோ தட்டச்சு செய்த கோப்பு, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக் கூளமாகத் தெரியும். 1999இல் டாம், டாப் என்று தரங்கள் வகுக்கப்பட்டு, 2010இல் தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்ற பிறகும், பழைய குறியாக்கக் கோப்புகள் கடைகளில் இன்னும் உலவுகின்றன. அந்தக் கோப்பை அச்சிட்டு, படம் எடுத்து, எழுத்துணரியில் கொடுத்தால் யூனிகோடு கிடைத்துவிடுகிறது. படத்துக்குக் குறியாக்கம் கிடையாது. எந்த எழுத்துருவில் பிறந்தாலும் "அ" அங்கே அகரத்தின் உருவம்தான். என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்றவை நேரடியாகச் செய்துவிடும் வேலைக்கு இது தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவதுதான். ஆனால் எழுத்துருவின் பெயரே தெரியாதபோது கைகொடுக்கும்.

படத்தின் தரம் பற்றி ஒன்றே ஒன்று. கைப்பேசியின் 12 மெகாபிக்சல் கேமரா ஏ4 தாளை நிறைத்து எடுத்தால் அங்குலத்துக்கு 300 புள்ளிக்கு மேலேயே கிடைக்கும். எழுத்துணரிக்கு அது தாராளம். அந்தப் படத்தை வாட்ஸ்அப்பில் புகைப்படமாக அனுப்பும்போதுதான் சுருங்கிப்போகிறது. ஜேபெக் சுருக்கம் படத்தை எட்டுக்கு எட்டுச் சதுரங்களாக வெட்டிக் கையாள்வது. நிலப்பரப்புக்கும் முகத்துக்கும் பொருந்தும் அந்தக் கணக்கு, கறுப்பும் வெள்ளையும் சட்டென்று சந்திக்கும் எழுத்து விளிம்பில் கசடு படியவைக்கும். "ஃபோட்டோவா அனுப்பாதீங்க, டாக்குமெண்ட்டா அனுப்புங்க" என்று கடைக்காரர்கள் சொல்வதன் காரணம் இதுதான்.

வெற்றிடத்தின் இலக்கணம்

எழுத்து கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். இப்போது கையில் இருப்பது ஓர் ஆவணம். மச்சினரின் ஆவணம். அவர் பெயர், அவர் தேதி, அவர் வாடகை. இதை வார்ப்புருவாக்க வேண்டுமானால், எது நிலையானது, எது மாறுவது என்று பிரிக்க வேண்டும். இதைப் படம் சொல்லாது. "பதினோரு மாதம்" என்று இருக்கிறதே, அது எல்லா ஒப்பந்தத்துக்கும் பொதுவா, இவருக்கு மட்டுமா? மின்கட்டணத்தை வாடகைதாரர் கட்ட வேண்டும் என்ற வரி வழக்கமான ஷரத்தா, வீட்டுக்காரர் கேட்டுச் சேர்த்ததா? ஒரே ஒரு மாதிரியை வைத்துக்கொண்டு எந்த மென்பொருளும் இதைக் கண்டுபிடிக்க முடியாது. ஐந்து ஒப்பந்தங்களை அருகருகே வைத்தால் ஓரளவு தெரியும். இருபது ஆண்டு அதே மேசையில் உட்கார்ந்தவருக்குப் பார்த்ததும் தெரியும்.

டெம்ப்ளேட்டுக்குத் தமிழ்க் கணினி உலகம் தேர்ந்த சொல் வார்ப்புரு. அழகான சொல்தான். ஆனால் சுவாமிமலையில் சிலை வார்ப்பவர்கள் ஒவ்வொரு சிலைக்கும் அச்சை உடைத்துவிடுகிறார்கள். ஒரு முறை வார்த்தது மறுமுறை வராது. கணினியின் வார்ப்புரு உடையாமல் இருப்பதற்கென்றே செய்யப்படுவது. அதை இருமுறை சொடுக்கினால் அதன் நகலாகப் பெயரில்லாத புது ஆவணம் திறக்கும். மூலம் கைபடாமல் இருக்கும். சாதாரணக் கோப்பைத் திறந்து, பெயரை மாற்றி, "சேவ் அஸ்" மறந்து "சேவ்" அழுத்தி, நேற்றைய கட்சிக்காரரின் பத்திரத்தை அழித்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

மாறும் இடங்களில் உள்ளடக்கக் கட்டுப்பாடு என்ற பெட்டிகளை வைக்கலாம். வேர்ட் 2007இல் வந்த வசதி. ஒரு பெட்டியில் பெயரை நிரப்பினால் ஆவணத்தில் அது வரும் ஏழு இடங்களிலும் தானே நிரம்பும்படி செய்யலாம். தேதிக்கு நாட்காட்டி, வட்டத்துக்குத் தேர்வுப் பட்டியல். இவ்வளவுக்கும் மேக்ரோ வேண்டியதில்லை.

ஆங்கிலப் படிவத்துக்கு எழுதப்பட்ட பாடங்கள் தமிழுக்குப் பொருந்தாமல் போகும் இடம் இங்கே வருகிறது. ஆங்கிலத்தில் வெற்றிடம் வெறும் இடம்தான். எந்தப் பெயரை வைத்தாலும் முன்னாலும் பின்னாலும் உள்ள சொற்கள் அசையாது. தமிழ்ப் பெயர் வாக்கியத்தில் உட்கார்ந்ததும் உருமாறும். குமார் என்றால் குமாருக்கு, வள்ளி என்றால் வள்ளிக்கு, கவிதா என்றால் கவிதாவுக்கு, செல்வம் என்றால் செல்வத்துக்கு. வெற்றிடத்துக்குப் பின்னால் "உக்கு" என்று அச்சடித்து வைக்க முடியாது. இதற்கு நம் பத்திர எழுத்தர்கள் கணினி வருவதற்கு முன்பே ஒரு வழி கண்டிருந்தார்கள். பெயருக்குப் பின்னால் "அவர்கள்" என்ற சொல். மரியாதைக்கு என்று நினைக்கிறோம், மரியாதையும்தான். கூடவே அது ஒரு கைப்பிடி. பெயரைத் தொடாமல், வேற்றுமை உருபுகள் எல்லாம் அதன் மேல் ஏறிக்கொள்கின்றன: அவர்களுக்கு, அவர்களால், அவர்களின், அவர்களிடம். ஊருக்கு "கிராமம்", தாலுகாவுக்கு "வட்டம்", தொகைக்கு "மட்டும்" என்று ஒவ்வொரு வெற்றிடத்துக்கும் பின்னால் இப்படி ஒரு தாங்கி நிற்பதைப் பழைய பத்திரம் எதிலும் பார்க்கலாம். தமிழ் வார்ப்புருவை அமைப்பவர் முதலில் கற்க வேண்டியது இதை. எழுத்துணரி அந்தச் சொற்களைப் படிக்கும். அவை ஏன் அங்கே நிற்கின்றன என்று அதற்குத் தெரியாது. நடை செதுக்கும் ஆர்வத்தில் "அவர்கள்" அனைத்தையும் நீக்கிய ஒரு வார்ப்புருவை எனக்குத் தெரியும். மூன்றாம் நாளே பழையபடி சேர்த்தார்கள்.

அமைப்பில் இன்னொன்று, தாள். முத்திரைத்தாளின் முதல் பக்கத்தில் மேலே முத்திரை பிடித்த இடம் போக மீதியில்தான் எழுத்து தொடங்க வேண்டும். அடுத்த பக்கத்துக்கு வேறு கணக்கு. வேர்டில் முதல் பக்கத்துக்குத் தனித் தலைப்பகுதி வைத்து அதை உயர்த்திவிட்டால் எழுத்து தானே கீழே இறங்கும். படத்தைப் பார்த்து இதை ஊகிக்கும் மென்பொருள், மேலே உள்ள முத்திரையையும் ஆவணத்தின் பகுதி என்று எண்ணிப் படமாக ஒட்டிவைக்கும். இடத்தை அளப்பதற்குப் படம் நன்றாக உதவும் என்பதையும் சொல்ல வேண்டும். படத்தைப் பக்க அளவுக்கு விரித்து, உரைக்குப் பின்னால் மங்கலாக நிறுத்தி, அதன் மேல் அட்டவணையும் பெட்டிகளும் வரைந்து, வேலை முடிந்ததும் படத்தை நீக்கிவிடுவது என் வழக்கம். புள்ளி வைத்துக் கோலம் போடுவது போல. கோலத்தில் புள்ளி தங்கும். இதில் தங்கக் கூடாது.

மேக்ரோ எதற்கு

படத்தில் அறவே இல்லாதது செயல். சான்றிதழின் படத்தை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும், "புதிதாகத் திறந்தவுடன் வரிசை எண்ணை ஒன்று கூட்டு" என்ற கட்டளை அதில் எங்கும் எழுதியிருக்காது. அதை வி.பி.ஏ. மொழியில் ஒருவர் எழுத வேண்டும்.

எழுதத் தகுந்த மேக்ரோக்கள் சிலவே. தொகையை எழுத்தில் எழுதித் தருவது அவற்றில் முதன்மையானது, ஏனென்றால் பத்திரத்தில் எண்ணும் எழுத்தும் ஒத்துவராவிட்டால் வம்பு. ஆங்கிலத்துக்கு எழுதிய நிரலைத் தமிழ்ச் சொற்களால் நிரப்பிச் சிலர் தருகிறார்கள். "ஒன்று லட்சம் இருபது ஐந்து ஆயிரம்" என்று அது அச்சிடும். தமிழில் அது "ஒரு லட்சத்து இருபத்தைந்தாயிரம்". நூறு, அதன் மேல் ஏதாவது வந்தால் நூற்று. ஆயிரம் ஆயிரத்து ஆகும். ஒன்பது, தொண்ணூறு, தொள்ளாயிரம், ஒன்பதாயிரம் என்று ஒன்பதின் குடும்பம் தனி வழியில் போகும். 90,900 ரூபாயை "தொண்ணூறாயிரத்துத் தொள்ளாயிரம்" என்று சரியாக எழுதிவிடும் நிரலை நம்பி வைத்துக்கொள்ளலாம்.

அந்த நிரலை எழுத உட்கார்ந்ததும் எதிர்ப்படும் முட்டுக்கட்டை விசித்திரமானது. வேர்டின் பக்கத்தில் தமிழ் தடையில்லாமல் வரும். மேக்ரோ எழுதும் சாளரத்தில் தமிழைத் தட்டினால் கேள்விக்குறிகள் வரிசையாக வரும். வி.பி.ஏ. திருத்தி யூனிகோடுக்கு முந்தைய காலத்தது; விண்டோஸின் பழைய எழுத்துத் தொகுப்புகளை வைத்தே இயங்குவது. அந்தத் தொகுப்புகளில் தமிழுக்கு ஒன்று உருவாக்கப்படவே இல்லை. ஆகவே ஒவ்வொரு எழுத்தையும் அதன் யூனிகோடு எண்ணால் அழைக்க வேண்டும்: ககரத்துக்கு 2965, இப்படியே மற்றவை. "நூறு" என்ற ஒரு சொல்லுக்கு நான்கு எண்கள். வழக்கமான செய்திப் பெட்டியும் தமிழைக் காட்டாது. தனிப் படிவச் சாளரம் வரைந்தால் காட்டும். அனுபவப்பட்டவர்கள் செய்யும் தந்திரம், எண்ணுப்பெயர்களை எல்லாம் வார்ப்புருவுக்குள்ளேயே ஓர் அட்டவணையில் தமிழில் எழுதி வைத்துவிட்டு, மேக்ரோவை அங்கிருந்து எடுத்துக்கொள்ளச் சொல்வது. நிரலில் தமிழே இருக்காது. தமிழ் பக்கத்தில் இருக்கும்.

கைப்பேசியில் இருக்கும் வேர்டில் மேக்ரோ இயங்காது. உலாவியில் திறக்கும் வேர்டிலும் இயங்காது. லிப்ரே ஆஃபீஸ் சிலவற்றை ஓட்டும், சிலவற்றில் நின்றுவிடும். மேசைக் கணினியில், மைக்ரோசாஃப்ட் வேர்டில் மட்டும் முழுதாக ஓடும் ஒரு பொருளைச் செய்துகொண்டிருக்கிறோம் என்ற நினைப்பு இருக்க வேண்டும். வாடகை ஒப்பந்தத்துக்கு என்னைக் கேட்டால், மேக்ரோ இல்லாத சாதாரண டி.ஓ.டி.எக்ஸ். போதும், தொகையைக் கையால் எழுதிக்கொள்ளலாம். நாளொன்றுக்கு நாற்பது பத்திரம் ஓடும் இடத்துக்குத்தான் மேக்ரோவின் பாடு பலன் தரும்.

வார்ப்புருவின் வழியே வந்த விருந்தாளி

மேக்ரோ வார்ப்புருவைக் கண்டு கணினித் துறை அஞ்சுவதற்கு வரலாறு இருக்கிறது. 1995இல் பரவிய கான்செப்ட் என்ற நச்சுநிரல், வேர்ட் மேக்ரோவில் பரவலாக உலவியவற்றுள் முதலாவது. அன்றைய வேர்டில் மேக்ரோக்கள் வார்ப்புருவில் மட்டுமே இருக்க முடியும். ஆவணத்துக்கு அந்த உரிமை கிடையாது. கான்செப்ட் செய்தது எளிய வேடம்: ஆவணத்தின் வாலை அப்படியே விட்டு, உள்ளுக்குள் அதை வார்ப்புருவாக்கிவிட்டது. திறந்தவுடன் வேர்டின் பொது வார்ப்புருவில் குடியேறி, அதன் பிறகு சேமிக்கும் ஆவணங்களிலெல்லாம் ஒட்டிக்கொண்டது. 1999 மார்ச்சில் மெலிசா வந்தது; அவுட்லுக் முகவரிப் புத்தகத்திலிருந்து முதல் ஐம்பது பேருக்குத் தன்னைத் தானே அஞ்சல் செய்தது. 2007இல் மேக்ரோ உள்ள கோப்புக்கும் இல்லாததற்கும் தனித்தனி வால் வைத்ததன் பின்னணி இது. அப்படியும் ஓட்டை அடைபடவில்லை. மேக்ரோ இல்லாத ஆவணம் ஒன்றே, திறக்கும்போது தொலைவிலுள்ள சர்வரிலிருந்து மேக்ரோ வார்ப்புருவை இழுத்து இணைத்துக்கொள்ளும் தந்திரமும் புழக்கத்துக்கு வந்தது. கடைசியில் 2022இல், இணையத்திலிருந்து இறங்கும் கோப்புகளின் மேக்ரோக்களை மைக்ரோசாஃப்ட் இயல்பாகவே முடக்கியது.

நம் பொருளோடு இது நெருங்கித் தொடும் இடம் ஒன்றுண்டு. மோசடி ஆவணங்களின் வழக்கமான தோற்றம் எது? திறந்தால் பக்கம் முழுவதும் ஒரு படம்: மங்கலான விலைச்சீட்டு போலவோ கடிதம் போலவோ. அதன் மேல், தெளிவாகப் பார்க்க மேக்ரோவை அனுமதிக்கவும் என்று ஓர் அறிவிப்பு. உள்ளே படம், கூடவே மேக்ரோ. இணைய மாற்றி தரும் கோப்பும் பார்வைக்கு இதே தோற்றம்தான். முன்பின் தெரியாத தளம் கட்டித் தந்த டி.ஓ.டி.எம். கோப்பில் மேக்ரோ இல்லை என்று நான் எரிச்சல்பட்டேனே, அது நல்ல காலம்.

முடக்கும் ஏற்பாடும் நம் ஊர்ப் பழக்கத்தில் நழுவிவிடுகிறது. இணையத்திலிருந்து வந்தது என்ற அடையாளத்தை விண்டோஸ் கோப்போடு ஒட்டிவைப்பது அதன் சொந்த வட்டு அமைப்பில்தான். பெரும்பாலான பென் டிரைவ்களின் அமைப்பு அந்த ஒட்டைச் சுமக்காது. பக்கத்துக் கடையில் இறக்கி, பென் டிரைவில் கொண்டுவந்து போட்டால், கோப்பு உள்ளூர்ப் பிறப்புப் போல வந்து நிற்கும்.

இன்னொரு அபாயம் படத்திலேயே இருக்கிறது. சான்றிதழ் படத்தை அப்படியே வார்ப்புருவில் வைத்தால் தலைமையாசிரியரின் கையொப்பமும் அலுவலக முத்திரையும் சேர்ந்தே உட்காரும். ஜிப்பைத் திறக்கத் தெரிந்த எவரும் மீடியா உறையிலிருந்து அதை எடுத்துக்கொள்ளலாம். ஓரத்தை வெட்டிவிட்டேன் என்பதும் ஆறுதல் ஆகாது. வேர்டில் வெட்டியது மறைந்திருக்குமே தவிர, வெட்டிய பகுதியை நீக்கு என்று தனியே சொல்லாத வரை உள்ளேயே இருக்கும். கடையில் வாங்கிய ரப்பர் ஸ்டாம்ப்பைப் பூட்டி வைக்கிறோம். அதன் படத்தை எல்லாருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம்.

படத்தைக் காட்டினால் அட்டவணையும் மேக்ரோ நிரலும் சேர்த்து எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் இப்போது வந்துவிட்டன. அவை உழைப்பைக் குறைப்பது உண்மை. பழைய எழுத்துணரியின் பிழை "படடம" என்று கண்ணில் குத்தும். இவற்றின் பிழை ஒழுங்கான தமிழில், சரியான சந்தியோடு, சர்வே எண்ணின் உட்பிரிவை மட்டும் மாற்றி எழுதியிருக்கும். எழுத்தைப் படித்துத் திருத்திப் பழகியவர்கள், எண்களைப் படத்தோடு ஒவ்வொன்றாக ஒத்துப் பார்க்கப் பழக வேண்டியிருக்கிறது.

அந்தத் தெருவில் கைப்பேசியை நீட்டியவருக்கு என்ன ஆயிற்று என்றால், கடைக்காரர் படத்தை எந்த மாற்றியிலும் ஏற்றவில்லை. பக்கத்துத் திரையில் படத்தை வைத்துக்கொண்டு, தன்னிடம் இருந்த வாடகை ஒப்பந்த வார்ப்புருவைத் திறந்தார். மச்சினரின் தாளில் மட்டும் இருந்த இரண்டு ஷரத்துகளைப் பார்த்துத் தட்டச்சு செய்தார். தண்ணீர் மோட்டார் பழுது பற்றிய ஷரத்தைக் காட்டி, "இது உங்களுக்கு வேணுமாண்ணே?" என்று கேட்டார். வந்தவருக்கு அது தெரியவில்லை. மச்சினருக்குப் போன் போட்டார்.